தலைகீழ்க் கணக்கு

நாற்பதைத் தாண்டினால் ஒருநாள் அது நடக்கும். பேப்பரைக் கொஞ்சம் தள்ளிப் பிடிப்பீர்கள். அப்புறம் இன்னும் கொஞ்சம். கை நீளம் போதவில்லை என்றால் வெள்ளெழுத்து வந்துவிட்டது என்று அர்த்தம். எனக்கும் வந்தது. கண்ணாடி போட ரோஷம் இடம் கொடுக்கவில்லை. யோகா புத்தகம் வாங்கினேன்.

ஒன்றல்ல, மூன்று. பெயர் வேண்டாம், எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவைதான். மூன்றிலும் சிரசாசனத்துக்குத் தனி அத்தியாயம். முடி கொட்டாது, ஞாபகசக்தி பெருகும், கண்ணாடியைத் தூக்கி எறிந்துவிடலாம். எப்படி? தலைக்கு ரத்தம் பாய்கிறதாம்!

நான் படித்தது பி.காம். வைத்தியம் தெரியாது. ஆனால், வரவை மட்டும் எழுதி, செலவே காட்டாத பேரேட்டைப் பார்த்தால் சந்தேகம் வரும். இந்தப் புத்தகங்கள் அந்த ரகம்.

முதலில் அந்த வரவே பொய்க்கணக்கு. வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் இறுகிப்போவதால் வருவது வெள்ளெழுத்து. எவ்வளவு ரத்தம் பாய்ந்தாலும் அது இளகாது.

அடுத்து செலவு. கண்ணுக்குள் ஒரு நீர் சுரந்து, வடிந்துகொண்டே இருக்கிறது. அதன் அழுத்தம் சாதாரணமாக 10 முதல் 21 வரை (ரத்த அழுத்தம் மாதிரியே பாதரசக் கணக்கு). தலைகீழாக நின்றால்? சென்னை சங்கர நேத்ராலயா டாக்டர்கள், யோகா பழகிய 75 பேரை சிரசாசனத்தில் நிற்கவைத்தே அளந்தார்கள். 2006-ல் வெளியான முடிவு: அழுத்தம் இரண்டு மடங்கு. நிற்கும்வரை அது இறங்குவதும் இல்லை. 2015-ல் வெளியான நியூயார்க் ஆய்வு ஒன்றில், நாய் சோம்பல் முறிப்பதுபோல் குனிந்து நிற்கும் அதோமுக ஸ்வானாசனத்திலேயே 17-ல் இருந்த அழுத்தம் ஒரே நிமிடத்தில் 28-க்கு ஏறியது.

பயந்துவிடாதீர்கள். உட்கார்ந்ததும் இறங்கிவிடுகிறது. சென்னையில் சோதித்த 75 பேரிலும் நிரந்தரக் கண் அழுத்தம் மற்றவர்களைவிட அதிகமாக இல்லை. ஆரோக்கியமான கண் தாங்கிக்கொள்ளும். குளுக்கோமா என்கிற கண் நீர் அழுத்த நோய் உள்ளவர் கதை வேறு. அவருக்குப் பார்வை நரம்பு ஏற்கெனவே அடிபட்டிருக்கும். அதில் செத்த இழை செத்ததுதான், திரும்பி வராது.

“கண் நோய் உள்ளவர்கள் தவிர்க்கவும்னு போட்டிருப்பாங்களே சார்?” என்பீர்கள். மூன்றில் ஒன்றில் போட்டிருந்தது, கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில். 1966-ல் வந்த பி.கே.எஸ்.ஐயங்காரின் ‘லைட் ஆன் யோகா’ சிரசாசனத்தைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும் புத்தகம்தான். அதிலேயே விழித்திரை விலகியவர்கள் தலைகீழ் ஆசனங்கள் பக்கம் போகக்கூடாது என்று எச்சரித்திருக்கிறார். பின்னால் வந்தவர்கள் புகழ்ச்சியை எடுத்துக்கொண்டு எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள்.

என்னைக் கேட்டால், அந்த வரி இருந்தாலும் போதாது. குளுக்கோமா பெரும்பாலும் வலிக்காது, சிவக்காது. ஓரப் பார்வையை மெல்ல மெல்லத் தின்னும். நேரே பார்ப்பது கடைசிவரை தெளிவாக இருக்கும். 2000-களில் சென்னையிலும் சுற்றுப்புறக் கிராமங்களிலும் நாற்பது வயதைத் தாண்டியவர்களிடம் நடந்த ‘சென்னை குளுக்கோமா ஆய்வு’ கண்டுபிடித்த நோயாளிகளில், பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் தங்களுக்கு அந்த நோய் இருப்பதே தெரியாது. ‘கண் நோய் உள்ளவர்கள்’ என்று படித்ததும் இவர்களில் யார் தன்னைச் சேர்த்துக்கொள்வார்? ‘நமக்கில்லை’ என்று தைரியமாகக் காலைத் தூக்குவார்.

நானும் தூக்கியிருப்பேன். அதற்குள் மனைவி கண்ணாடிக்காகக் கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். “குடும்பத்துல யாருக்காவது குளுக்கோமா உண்டா?” என்றார் டாக்டர். இல்லை என்று சொல்லப்போனவன் நிறுத்திக்கொண்டேன். அப்பா ஞாபகம் வந்தது. பேப்பரில் ஒரு வரி விடாமல் படிப்பார். ஆனால், எழுந்து நடந்தால் கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வார், பக்கத்து ஸ்டூலைத் தட்டிவிடுவார். “பார்த்து வரக்கூடாதாப்பா?” என்று கடிந்துகொள்வோம். அவர் கண்ணை யாரும் சோதித்ததே இல்லை. இன்றைக்குக் கேட்க அவரும் இல்லை.

எனக்கு இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. மூன்று புத்தகங்களிலும் சிரசாசன அத்தியாயத்தின் மேலே பேனாவால் எழுதிவைத்திருக்கிறேன்: ‘வயது 40 ஆகிவிட்டதா? குடும்பத்தில் யாருக்காவது குளுக்கோமா உண்டா? சர்க்கரை உண்டா? முதலில் கண் அழுத்தத்தையும் நரம்பையும் விழித்திரையையும் சோதித்துவிட்டு வா.’

உங்கள் வீட்டு அலமாரியிலும் அப்படியொரு புத்தகம் இருக்கும். எடுத்து எழுதிவிடுங்கள்.