பொதுச் சேமிப்பகமும் எழுதக் காத்திருக்கும் நேரமும்

ஒவ்வொரு சர்வரும் தனக்கென வட்டுகளை வைத்துக்கொள்ளாமல், எல்லா சர்வர்களும் வலைப்பின்னல் வழியே ஒரே சேமிப்பகத்தைப் பயன்படுத்தும் முறை இன்று நிறுவனங்களில் பரவலாகியுள்ளது. சேமிப்பகம் தரவைக் கோப்புகளாக வழங்கினால் அது ‘நாஸ்’. வெற்று வட்டைப் போலத் தொகுதி தொகுதியாக வழங்கினால் ‘சான்’. ஒரு சர்வர் பழுதடைந்தாலும் அதில் ஓடிய பணியை மற்றொன்றில் சில நிமிடங்களில் எழுப்பிவிடலாம் என்பதே இதன் தலையாய நன்மை. உதிரிப்பாகம் வெளியூரிலிருந்து வந்துசேர வேண்டிய காரைக்கால் போன்ற ஊரில் இந்நன்மையின் மதிப்பு இன்னும் கூடுகிறது.

ஆயினும் டெண்டர்களில் கொள்ளளவை மட்டும் டெராபைட்டில் கேட்கும் வழக்கம் அடிப்படையிலேயே தவறானது. மருத்துவமனைப் பதிவேடு போன்ற தரவுத்தளம், ஒவ்வொரு பதிவும் வட்டில் ஏறியதென்ற உறுதி கிடைத்த பின்னரே அதனை முடிந்ததாக ஏற்கிறது. ஆகவே அதன் வேகத்தைத் தீர்மானிப்பது இடத்தின் அளவன்று, அந்த உறுதிக்காகக் காத்திருக்கும் நேரமே. நிமிடத்திற்கு 7200 முறை சுழலும் வட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவினாடி எடுப்பதாலும், படிக்கும் தலை நகரவும் நேரம் பிடிப்பதாலும், அது வினாடிக்கு ஏறத்தாழ 80 செயல்களையே முடிக்கிறது. இத்தகைய 8 வட்டுகளை ‘ரெய்டு 5’ முறையில் இணைத்தால் 7 வட்டுகளின் இடம் கிடைக்கும். ஆனால் ஒரு சிறு எழுதுதலுக்குப் பழைய தரவையும் சரிபார்ப்புத் தரவையும் படித்து, இரண்டையும் திரும்ப எழுத வேண்டியிருப்பதால், 640 செயல்கள் 160 எழுதுதல்களாகச் சுருங்குகின்றன. நகலெடுத்து வைக்கும் ‘ரெய்டு 10’ முறை 320 எழுதுதல்களைத் தாங்கினாலும் 4 வட்டுகளின் இடத்தையே தருவதால், டெராபைட் கணக்கில் அது தோற்றுப்போகிறது. இடைநினைவகம் இக்குறையைச் சிறிது நேரம் மறைக்கும். அது நிரம்பியதும், நள்ளிரவு பேக்கப் ஓடும் வேளையில், ஒரே சேமிப்பகத்தை நம்பிய அத்தனை சர்வர்களும் ஒன்றாகத் திணறும்.

மூன்று புறமும் தமிழ்நாட்டு நிலம் சூழ்ந்திருக்க, யூனியன் பிரதேசத் தலைநகர் புதுச்சேரியிலிருந்து சுமார் 130 கி.மீ. தள்ளியிருக்கும் காரைக்காலுக்கு வேறொரு சிக்கலும் உண்டு. கண்ணாடி இழையில் ஒளி ஒரு கிலோமீட்டரைக் கடக்க 5 மைக்ரோவினாடி ஆகிறது; புதுச்சேரிக்குப் போய்வர 1.3 மில்லிவினாடி. நவீன ஃபிளாஷ் வட்டு 0.1 மில்லிவினாடிக்குள் எழுதிவிடக்கூடியது என்பதால், இரு ஊர்களிலும் ஒருசேர எழுதினாலொழிய பதிவு முடியாது என்னும் உடனிகழ் நகல்முறை, வாங்கிய வேகத்தையெல்லாம் தூரத்திற்கே கொடுத்துவிடுகிறது. எனினும் தொலைநகலே வேண்டாமென்று தள்ளவும் இயலாது: 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி தாக்கிய கடற்கரை இது, 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பின் காவிரி டெல்டாவின் பல ஊர்கள் நாட்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்தன.

எனவே கோப்புகளையும் மருத்துவப் படங்களையும் பொதுச் சேமிப்பகத்தில் வைத்து, தரவுத்தளத்தை ஒரே வளாகத்திலுள்ள இரு சர்வர்களின் சொந்த ஃபிளாஷ் வட்டுகளில் நகலோடு நிறுத்தி, புதுச்சேரிக்குச் சற்றுத் தாமதித்து அனுப்புவதே பொருத்தமான ஏற்பாடு. அவ்வாறு செய்கையில் பேரிடர் நேர்ந்தால் கடைசிச் சில வினாடிகளின் பதிவுகள் இழக்கப்படலாம். அந்த இழப்பு எவ்வளவு வரை ஏற்கத்தக்கது என்பதைச் சேமிப்பகம் விற்பவரிடம் விடாமல், அப்பதிவுகளை நம்பிப் பணியாற்றும் மருத்துவரும் கணக்கு அலுவலரும் கொள்முதலுக்கு முன்பே எழுத்தில் தீர்மானித்துத் தரவேண்டும்.