பாழும் பேராலயமும்

கட்டிடக் கலையைப்பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் உயரத்தையும் அகலத்தையும் செலவையும் சொல்லி, அழகைப் புகழ்ந்து, எழுதுகோலைக் கீழே வைத்துவிடுகின்றனர். ஒரு கட்டிடம் எதன்பொருட்டு எழுந்தது, எழுந்தபின் அக்காரியத்தைச் செய்ததா என்று கேட்போர் மிகச் சிலரே. காவியத்தை ஆராய்கின்றவன் சொல்லணியோடு நின்றுவிட்டால் அவனை முழு ரசிகன் என்று நாம் ஒப்புவதில்லை. பொருள் யாதென்று கேட்கின்றோம். கல்லாலாகிய காவியத்திற்கும் அந்த நியதியே பொருந்தும்.

சிங்கப்பூரிலுள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தைப் பார்த்த நேயர்கள் பலர் இருப்பர். 1856ஆம் ஆண்டு முதல் 1861 வரை, இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பால் எழுந்த வெண்ணிற ஆலயம் அது. அதனுள்ளே ஒரு சிலுவை இருக்கின்றது. அது பொன்னாலானதன்று, மணி இழைத்ததுமன்று. பழைய இரும்பாணிகளுக்கு வெள்ளி முலாம் பூசிச் செய்தது. அவ்வாணிகள் இங்கிலாந்து தேசத்துக் கவென்ட்ரி நகரின் பழைய பேராலய இடிபாட்டிலிருந்து வந்தவை. கூரை எரிந்தது, மரம் கரியாயிற்று, ஆணி எஞ்சிற்று. அந்த ஆணி பிறந்த இடத்தையும், அவ்விடத்தருகே எழுந்து 1962ஆம் ஆண்டில் பிரதிஷ்டை செய்யப்பட்ட புதிய பேராலயத்தையுமே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

கவென்ட்ரி தொழிலாளர் நகரம். மோட்டார் வண்டிகளும் ஆகாய விமானப் பாகங்களும் செய்யும் ஆலைகள் அங்கே நிறைந்திருந்தன. நகரின் நடுவே பல நூற்றாண்டுகளாக நின்றது செயின்ட் மைக்கேல் ஆலயம். அதன் பெரும்பகுதி 14, 15ஆம் நூற்றாண்டுகளில் கட்டப்பட்டது. நெடுங்காலம் ஊர்க்கோயிலாக இருந்த அது, 1918ஆம் ஆண்டில் இங்கிலாந்துத் திருச்சபையின் அத்தியட்சர் ஒருவர்க்கு ஆசனக் கோயிலாகிப் பேராலயம் என்ற பெயரை எய்தியது. அப்பெயர் வந்து இருபத்திரண்டே ஆண்டுகள் கழிந்தன. 1940ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் இரவு ஜெர்மானிய விமானங்கள் அணியணியாக வந்து, பொழுது விடியுமட்டும் குண்டு பொழிந்தன. ஆலயத் தலைமைக் குரு ரிச்சர்ட் ஹோவர்ட் என்பாரும் அவருடன் மூவரும் கூரைமீதேறித் தீயணைக்க முயன்றனர். நால்வர் கை எம்மட்டும்? விடிந்தபோது சுற்றுச் சுவரும், 295 அடி உயர்ந்த கூர்ங்கோபுரமுமே மிஞ்சியிருந்தன. எரிந்தது ஆலயம் மட்டுமன்று. நகரில் 500க்கு மேற்பட்டோர் மாண்டனர்; 4,000க்கு மேற்பட்ட வீடுகள் அழிந்தன. இக்கணக்கை நேயர்கள் மறவாதிருக்க வேண்டுகின்றோம். பின்னர் இதற்கு வேலையிருக்கின்றது.

இத்தகைய இரவிற்குப் பிறகு மனிதர் நாவில் இயல்பாக எழும் சொல் பழிவாங்குதல் என்பதே. ஹோவர்ட் வேறு சொல் சொன்னார். அவ்வாண்டு கிறிஸ்துமஸ் நாளிலேயே, இடிபாட்டின் நடுவிருந்து வானொலியில் பேசுகையில், பழியை விலக்கி அன்பான உலகொன்றை ஆக்குவோம் என்றார். கரிந்து விழுந்த இரண்டு உத்திரங்கள் சிலுவையாகக் கட்டி நிறுத்தப்பட்டன. மூன்று பழைய ஆணிகள் மற்றொரு சிலுவையாயின. பிற்பாடு, பாழான பீடத்தின் பின்சுவரில் இரண்டே சொற்கள் பொறிக்கப்பட்டன: பிதாவே என்பது ஒன்று, மன்னியும் என்பது மற்றொன்று. ‘அவர்களை’ மன்னியும் என்று எழுதவில்லை. எழுதியிருந்தால், குற்றமெல்லாம் அயலானுடையது, நாம் தூயோர் என்றாகிவிடும். அச்சொல்லை விட்டதனால், குண்டு போட்டவனும் குண்டுபட்டவனும் ஒரே வரிசையில் நின்று மன்னிப்புக் கேட்பவராகின்றனர். கவென்ட்ரியின் கலையெல்லாம் இந்த விடுபட்ட சொல்லிலிருந்து பிறந்தது என்பதே எமது கருத்து.

புதிய ஆலயம் கட்டும் பணி முதலில் ஜைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் என்னும் புகழ்பெற்ற சிற்பியிடம் தரப்பட்டது. அவர் வரைந்த படம் ஏற்கப்படாமற்போகவே 1947ஆம் ஆண்டில் விலகிக்கொண்டார். அதன்பின் பொதுப் போட்டி வைத்தனர். 219 பேர் படம் அனுப்பினர். 1951ஆம் ஆண்டில் வென்றவர் பேசில் ஸ்பென்ஸ். இவர் ஸ்காட்லாந்துப் பெற்றோருக்கு 1907ஆம் ஆண்டில் பம்பாயில் பிறந்தவர். கோபுரத்தைக் காக்கவேண்டும் என்பது போட்டி நிபந்தனை. இடிந்த சுவர்களையெல்லாம் காக்கவேண்டும் என்பதன்று. மற்றொருவராயின் பாழைத் துடைத்துவிட்டு அதன்மீதே கட்டியிருப்பார். ஸ்பென்ஸோ அதனை அவ்வாறே நிற்கவிட்டு, அதற்குச் செங்கோணமாகப் புதிய ஆலயத்தை வைத்தார். கிழக்கு நோக்கவேண்டிய பீடம் இதனால் வடக்கே போயிற்று. மரபு சிறிது வளைந்தது, உண்மை நிமிர்ந்தது. பாழிலிருந்து படியிறங்கினால் புதிய ஆலயத்தின் முகமண்டபம். இரண்டிற்கும் ஒரேவகைச் செந்நிற மணற்கல். பழையது தாய், புதியது சேய் என்பது பார்த்தவுடன் விளங்கும்.

படம் பத்திரிகைகளில் வெளியானபோது வசைக் கடிதங்கள் குவிந்தன. பழமை விரும்புவோர் இது கோயிலன்று, தொழிற்சாலை என்றனர். புதுமை விரும்புவோர் இது புத்தாடை உடுத்த பழங்கோயில் என்றனர். இருசாராரும் ஏசுகின்ற வேலையில் ஏதோ ஒரு சத்து இருத்தல் வேண்டுமென்று நாம் கொள்ளலாம்.

உள்ளே செல்வோம். வாயிற்புறத்தில் சுவரில்லை, தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி. அதில் அடியார்களையும் தேவதூதர்களையும் ஜான் ஹட்டன் கீறியிருக்கின்றார். ஆலயத்துள்ளிருந்து திரும்பிப் பார்ப்பவன், அவ்வுருவங்களினூடே இடிந்த சுவர்களைக் காண்கின்றான். வலப்பால் ஞானஸ்நான இடம். அங்கே தொட்டியாக இருப்பது பெத்லகேமிலிருந்து கொணர்ந்த பெரும் பாறை. அதன்பின்னே ஜான் பைப்பர் வரைந்து பாட்ரிக் ரெயின்டியன்ஸ் செய்த 195 கட்டங்கள்கொண்ட வர்ணச் சாளரம். சூரியனே சுவரில் வந்து தங்கியது போன்ற தோற்றம். முரட்டுக் கல்லையும் மென்மையான ஒளியையும் அருகருகே வைத்த இவ்விடமே ஆலயத்தின் மிகச் சிறந்த பகுதி என்போம்.

பக்கச் சுவர்கள் நேராகச் செல்லாமல் ரம்பப் பற்கள்போல் மடிந்து மடிந்து செல்கின்றன. ஒவ்வொரு மடிப்பிலும் 70 அடி உயரச் சாளரம். பக்கத்திற்கு ஐந்தாகப் பத்து. பசுமை தோற்றத்தையும், செம்மை முதலிய நிறங்கள் வாழ்க்கைப் போரையும் முதிர்ச்சியையும், பொன்னிறம் மறுமையையும் குறிக்கும். ஆனால் உள்ளே நுழைகின்றவனுக்கு இவை புலப்படமாட்டா. சாளரங்கள் பீடத்தை நோக்கித் திரும்பியிருப்பதால், அவன் காண்பது கல்லும் கல்மேல் விழும் ஒளியுமே. பீடம்வரை நடந்து திரும்பிய பின்னரே பத்துச் சாளரங்களும் ஒருங்கே சுடர்விடும். வாழ்க்கையின் பொருளும் அத்தகையதன்றோ? நடக்கும்போது தெரிவதில்லை; நடந்தபின் திரும்பிப் பார்த்தாற்றான் தெரியும். உபதேசம் ஒன்றுமின்றிக் கட்டிடமே இதனைச் சொல்லிவிடுகின்றது. இஃது உயர்ந்த கலை.

குறையில்லையோ எனின், உண்டு. நடுவிலுள்ள கான்கிரீட் தூண்கள் கீழே வரவர மெலிந்து, நுனியால் தரையைத் தொடுகின்றன. கண்ணுக்கு இனிய காட்சியே. எனினும் அவை தாங்குவது உட்புறத்து விதானத்தை மட்டுமே. மெய்யான கூரை வேறாக, சுவர்களின் மேல் நிற்கின்றது. கூரையைத் தூண் சுமப்பதுபோல் காட்டிவிட்டுச் சுவரைச் சுமக்கவைத்தல், மற்றெல்லாவற்றிலும் உண்மை பேசும் கட்டிடத்திற்கு ஒரு மாசு. கிரகாம் சதர்லண்ட் வரைந்து பிரான்ஸ் தேசத்தில் நெய்யப்பட்ட சித்திரத் திரையும் அளவிற் பெரிது; சுமார் 75 அடி உயரமும் 38 அடி அகலமும் உள்ளது. அதிலுள்ள கிறிஸ்துவின் திருவுரு ஆலயத்தின் பிற பகுதிகளை அடக்கிவிடுகின்றது. எனினும் அப்பாதங்களுக்கிடையே ஓராள் உயரத்தில் சிறு மனிதன் நிற்பதைக் கண்டவுடன் எமது குறைகூறல் பாதி அடங்கிவிட்டது என்பதையும் ஒப்புக்கொள்ளுகின்றோம்.

வெளிச்சுவரில் மிகாவேல் தூதன் சாத்தானை வென்று நிற்கும் வெண்கலச் சிற்பம் ஜேக்கப் எப்ஸ்டைன் செய்தது. அவர் யூதராயிற்றே என்று ஒருவர் தயங்கியபோது, இயேசுவும் யூதரல்லவா என்று ஸ்பென்ஸ் விடையளித்தாராம். எப்ஸ்டைன் 1959ஆம் ஆண்டில் காலஞ்சென்றார். சிற்பம் அதன்பின்னரே சுவரேறிற்று. குலம் கேட்ட வாயை அடைத்த அவ்வொரு விடைக்காகவே ஸ்பென்ஸை நாம் வாழ்த்தலாம்.

இனி, முன்சொன்ன கணக்கிற்கு வருவோம். 4,000 வீடுகள் அழிந்த ஊரில் கோயில் முதலா, குடியிருப்பு முதலா? இக்கேள்வியைக் கவென்ட்ரி நகரசபையே கேட்டது. வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் ஆளும் பொருளும் வேண்டியிருக்க, ஆலயத்திற்கு இப்போது உத்தரவளிக்கலாகாது என்று 1954ஆம் ஆண்டில் மந்திரியிடம் முறையிட்டது. மந்திரி உத்தரவளித்துவிட்டார். 1956ஆம் ஆண்டு மார்ச்சு 23ஆம் நாள் எலிசபெத் ராணியார் அடிக்கல் நாட்டினார். நகரசபையினர் கேட்டது தெய்வ நிந்தனையன்று, நியாயமான கேள்வி. கூரையற்றவன் கேட்கும்போது கோபுரம் தலைகுனிந்தே நிற்கவேண்டும். அழகிய சாளரம் அதற்கு விடையாகாது. ஆலயம் என்ன செய்தது என்பதொன்றே விடையாகும்.

என்ன செய்தது? 1961ஆம் ஆண்டில் ஜெர்மானிய இளைஞர் சிலர் கவென்ட்ரிக்கு வந்து, இடிபாட்டின் ஒரு பகுதியைத் தம் கையால் செப்பனிட்டுச் சர்வதேச நிலையமாக்கினர். 1945ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஆங்கில, அமெரிக்க விமானங்களால் எரிந்தது ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரம். அங்கே சுமார் 25,000 பேர் மாண்டனர். 1965ஆம் ஆண்டில் கவென்ட்ரியிலிருந்து இளைஞர் குழு அங்குச் சென்று, குண்டுபட்ட மருத்துவமனையைத் திரும்பக் கட்ட உதவிற்று. சுவரில் விடப்பட்ட சொல்லின் பொருள் அன்று செயலாயிற்று. ஆயினும் அரசுகள் அவ்வளவு எளிதில் திருந்துவதில்லை. 1962ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், பெஞ்சமின் பிரிட்டன் இயற்றிய போர்க்கால இரங்கலிசை இவ்வாலயத்தில் அரங்கேறியது. ரஷ்யர், ஆங்கிலேயர், ஜெர்மானியர் மூவர் சேர்ந்து பாடவேண்டுமென்பது அவர் ஆசை. ஜெர்மானியர் வந்தார். ரஷ்யப் பாடகியை அவர் நாட்டு அரசு அனுப்ப மறுத்தது, வேறொருவர் பாடினார். கோயில் திறந்த கதவை அரசு அடைத்தது.

ஆகவே எமது முடிவு இது. கவென்ட்ரிப் பேராலயம் குறையற்ற கட்டிடமன்று. ஆனால் தன் புண்ணை மறைக்காமல், அதனை அயலார்மேல் எறியும் கல்லாகவும் ஆக்காமல், இரண்டிற்கும் நடுவே நேர்மையாக நிற்கும் கட்டிடம். அத்தகையன உலகில் மிகச் சில. 1942ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழுமுன், செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆலயமும் காயமுற்றோர் படுத்த மருத்துவமனையாக இருந்தது. அங்குள்ள ஆணிச் சிலுவை அலங்காரப் பொருளன்று என்பதை இனி அவ்வழிச் செல்லும் நேயர்கள் உணர்வார்கள். ஆணி மரத்தை மரத்தோடு சேர்ப்பதற்காக அடிக்கப்படுவது. மரம் எரிந்த பின்னும் அந்த ஆணிக்கு வேலை இருந்தது.