அலைவரிசை எண்ணும் நேயர் எனும் பண்டமும்

வானொலி அறிவிப்பு வாசகங்களை வெறுந் தொழில்நுட்பக் குறிப்புகளாகக் கொள்ளும் போக்கு பொதுவாக உண்டு. ஆயின், ஒரு நிலையம் தன்னை எவ்வாறு பெயரிட்டழைக்கின்றது என்பது, அது எவருடைய நலன் கருதி இயங்குகின்றது என்பதையும் புலப்படுத்துவதாகும். ஐக்கிய அமெரிக்காவின் வர்த்தக வானொலியை முன்வைத்து இதனை நோக்குவோம்.

அந்நாட்டு ஒலிபரப்பு விதிகளின்படி, மணித்தியாலத்துக்கு ஒரு தடவை நிலையம் தன் அழைப்பெழுத்துகளையும், அவற்றை அடுத்துத் தன் அனுமதிப்பத்திரத்திற் குறிக்கப்பட்ட ஊரின் பெயரையும் கூறுதல் வேண்டும். மீடிறனை இடையே சேர்க்கலாம். சேர்த்தே ஆகவேண்டும் என்பதில்லை. நடைமுறையோ இதற்கு நேர்மாறானது. 1983 இல் நியூ யோர்க் நேயரை நோக்கித் தொடங்கப்பெற்ற ‘ஸீ100’ நிலையத்துக்குச் சட்டப்படி உரிய ஊர், ஹட்சன் நதிக்கு அப்பாலுள்ள நியூவார்க், மீடிறன் 100.3 மெகாஹேட்ஸ். ஊர் விதிக்காக ஒலிக்க, எண் தசமத்தை உதிர்த்துப் பெயராகவே ஆகிவிட்டது.

நிலையத்தைத் தேடுவோர்க்கு எண் வழிகாட்டும் என்பது உண்மையே. அது எண்ணின் பயன்பெறுமதி. ஆனால், நிலையத்தை ஏற்கெனவே கண்டடைந்து கேட்டுக்கொண்டிருப்பவருக்கும் அதனைத் திரும்பத் திரும்பக் கூறுவதேன்? விடை, நேயர் கணிப்பு முறையிலே தங்கியுள்ளது. ஆர்பிற்றோன் நிறுவனம் தெரிந்தெடுத்த நேயர், ஒரு வாரகாலம் தாம் கேட்ட நிலையங்களை நாட்குறிப்பேட்டிலே தம் கைப்பட எழுதினர். எழுதப்படாத நிலையம் கேட்கப்படாத நிலையமாயிற்று. விளம்பர நேரத்தின் விலைக்கு அக்கணிப்பே அடிப்படை. வர்த்தக ஊடகம் விளம்பரதாரருக்கு விற்கும் பண்டம் நேயர் கூட்டமே என 1977 இல் டலஸ் ஸ்மைத் வாதிட்டார். அவ்வாறாயின், அப்பண்டத்தின்மீது பொறிக்கப்படும் முத்திரையே இவ்வெண் எனலாம்.

2007 தொடக்கம் பெருநகரங்களில் நாட்குறிப்பேட்டின் இடத்தை, நேயர் உடன்கொண்டு செல்லும் மின்னியற் கருவி படிப்படியாகப் பெற்றது. நினைவிலிருந்து எழுதவேண்டிய தேவை அங்கு ஒழிந்தது. எண்ணோ வணிகக் குறியாக நிலைபெற்றுவிட்டது.

இங்கு மனங்கொள்ளத்தக்க முரண்பாடொன்றுண்டு. 1934 ஆம் ஆண்டின் தொடர்பாடற் சட்டம் அலைவரிசையைப் பயன்படுத்தும் உரிமையை வழங்கிற்றேயன்றி, அதன் உடைமையை வழங்கவில்லை. எனினும், எண் பெயராகிப் பெயர் வணிகக் குறியாகும்போது, பொதுவில் உள்ளது தனிச் சொத்தெனத் தோற்றங்கொள்கின்றது. ஊர்ப்பெயரைக் கூறுமாறு விதிப்பது, அனுமதிப்பத்திரம் பெற்றவர் ஒரு குறித்த சமூகத்துக்குக் கடமைப்பட்டவர் என்பதை நினைவூட்டுவதாகும். எண்ணின் ஆரவாரத்தில் அமிழ்ந்துபோவது அக்கடமையே. ஆகவே, எண் எவ்வளவு உரக்க ஒலிக்கின்றது என்பதைவிட, நியூவார்க்கின் பெயர் ஏன் அவ்வளவு மெல்ல ஒலிக்கின்றது என்பதே நாம் எழுப்பவேண்டிய வினாவாகும்.