கை ஒழியாதவர்களுக்கான கலை

செயலி வடிவமைப்பைக் கலை என்றால் பலருக்கும் நிறமும் ஐகானும்தான் நினைவுக்கு வருகின்றன. எனக்கு அவற்றில் பெரிய ஈடுபாடு இல்லை. போனை எடுக்கிறவர் அந்த நேரத்தில் எங்கே, எந்தக் கோலத்தில் நிற்கிறார் என்று வடிவமைத்தவர் யோசித்திருக்கிறாரா? நான் தேடிப் பார்ப்பது அதைத்தான்.

‘வேர் இஸ் மை ட்ரெயின்’ செயலியை எடுத்துக்கொள்ளுங்கள். பெங்களூரின் சிக்மாய்ட் லேப்ஸ் என்ற சிறு நிறுவனம் செய்தது. 2018-இல் கூகுள் அதை வாங்கிக்கொண்டது. ரயிலில் நடு பர்த்தில் படுத்திருப்பவருக்கு ஜிபிஎஸ் சரியாகக் கிடைக்காது, பெட்டியின் உலோகக் கூடு சிக்னலை மறைக்கும். வயல்வெளிகளுக்கு நடுவே நெட்டும் வந்து வந்து போகும். ஆனால் நெட் ஓடாத இடத்திலும் போன் பெரும்பாலும் ஏதாவதொரு டவரோடு தொடர்பில் இருக்கும். அந்த டவரின் அடையாளத்தை வைத்தே வண்டி எந்த ஊரைத் தாண்டியிருக்கிறது என்று இது சொல்லிவிடுகிறது. கால அட்டவணை ஏற்கெனவே போனுக்குள் இருக்கிறது.

நுட்பத்தைவிட எனக்குப் பிடித்தது அதன் முகம். திறந்ததும் வருவது வரைபடம் இல்லை. மேலிருந்து கீழே ஒரு கோடு, கோட்டில் வரிசையாக நிலையங்கள், நடுவே ஊர்ந்துவரும் ஒரு ரயில். விருத்தாசலம் போய்விட்டதா, அடுத்து அரியலூரா? பயணியின் கேள்வி அவ்வளவுதான். திசையும் அட்சரேகையும் அவருக்கு எதற்கு? இறங்கும் ஊர் நெருங்கும்போது எழுப்பிவிட ஒரு அலாரமும் உண்டு. விடியற்காலை மூன்று மணிக்கு இறங்க வேண்டியவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

வணிகத்துக்கு வருவோம். 2016-இல் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் யுபிஐயைத் தொடங்கியது. இன்று எந்தச் செயலியில் பணம் அனுப்பினாலும் ரகசிய எண் அடிக்கும் பக்கம் ஏறக்குறைய ஒரே தோற்றத்தில் வருவதைக் கவனித்திருப்பீர்கள். அந்தப் பக்கத்தை மட்டும் செயலிகளின் இஷ்டத்துக்கு விடாமல் கழகமே பொதுவாக வைத்திருக்கிறது. ஒன்றில் பழகிய கை இன்னொன்றில் தடுமாறுவதில்லை. எண்ணை அடிப்பதற்கு முன்பே கடைக்காரர் பெயரும் திரையில் வந்துவிடுகிறது. பணம் போகும் இடத்தைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொள்ள அந்த ஒரு வரி போதும்.

இதெல்லாம் வாங்குகிறவர் பக்கம். விற்கிறவர் பக்கம்தான் இன்னும் சுவையானது. மாலை நேரத்துப் பஜ்ஜிக் கடையில் மாஸ்டரின் ஒரு கை மாவில், மறு கை சாரணியில். “அனுப்பிட்டேண்ணே” என்று நாலு பேர் ஒரே நேரத்தில் போனை நீட்டுகிறார்கள். போலித் திரையைக் காட்டி ஏமாற்றுகிறவர்களும் உண்டு. மாஸ்டர் எப்போது கை கழுவி, போனை எடுத்து, மெசேஜைப் பார்ப்பது? அதற்கு வந்த விடைதான் சவுண்ட் பாக்ஸ். தனக்கென்று ஒரு சிம் வைத்துக்கொண்டு, பணம் வந்ததும் தமிழிலேயே தொகையை உரக்கச் சொல்கிறது. இது செயலியே இல்லை, வெறும் ஸ்பீக்கர் என்று யாராவது வாதிடலாம். திரையைத் தூக்கி எறியத் துணிந்த செயலி என்றே நான் சொல்வேன். இந்தியத் தெருக்களைப் பார்த்துச் செய்த வடிவமைப்புகளில் முதல் இடத்தை இதற்குத்தான் கொடுப்பேன்.

உணவு கொண்டுவருபவரின் போனையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். நமக்குக் காட்டும் அலங்காரம் எதுவும் அதில் இருக்காது. பெரிய எழுத்தில் விலாசம், அடியில் அகலமான ஒரு பட்டை. பல நிறுவனங்கள் அதைத் தட்டும் பொத்தானாக வைக்காமல் இழுக்கும் பட்டையாக வைத்திருக்கின்றன. மழைத்துளி பட்டோ, சட்டைப் பையில் உரசியோ ‘கொடுத்தாயிற்று’ என்று தானாகப் பதிவாகும் வாய்ப்பு அதனால் குறைகிறது.

ஸ்டீவன் ஹூபர் என்ற ஆய்வாளர் 2013-இல் தெருவிலும் பேருந்திலும் போனும் கையுமாக இருந்த 1,333 பேரைக் கவனித்து எழுதினார். அவர்களில் திரையையோ பொத்தானையோ தொட்டுக்கொண்டிருந்தவர்களில் 49 சதவீதம் பேர் ஒரே கையில் பிடித்துக் கட்டைவிரலால் இயக்கினார்கள். முக்கியமான பொத்தானைத் திரையின் மேல் மூலையில் கொண்டுபோய் வைக்கிறவர்கள் இதைப் படித்ததில்லை போலிருக்கிறது.

படித்துவிட்டே தவறாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ‘வேண்டாம்’ என்பதை மங்கலாக எழுதுவது, கேட்காத காப்பீட்டைக் கூடையில் சேர்ப்பது, சந்தாவை நிறுத்தும் வழியை ஏழு கடல் தாண்டி ஒளித்துவைப்பது எல்லாம் தற்செயல் இல்லை. அதுவும் கைத்திறன்தான், கெட்ட கைத்திறன். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் இப்படிப்பட்ட 13 தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடைசெய்தது.

சிறு வியாபாரிகள் பலர் தங்கள் பெயரில் ஓர் ஆப் இருந்தால் கௌரவம் என்று நினைக்கிறார்கள். மாதம் ஒருமுறை வரும் வாடிக்கையாளர் அதை ஏன் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும்? வீட்டிலிருந்தே சேலை விற்கும் பெண்களிடம் பாடம் கேட்கலாம். 2018-இல் வந்த வாட்ஸ்ஆப் பிசினஸில் படத்தோடும் விலையோடும் சரக்கை அடுக்கி, பணம் வரவேண்டியவர்களுக்கு ஒரு நிற லேபிள், அனுப்பியாயிற்று என்றால் இன்னொரு லேபிள் என்று கச்சிதமாகக் கடை நடத்துகிறார்கள். வாங்குகிறவர் புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை.

அதற்குமேலும் சொந்தச் செயலி வேண்டும் என்று தோன்றினால், செய்துதர வருகிறவரை ஏசி அறையில் உட்காரவைத்துப் பேசாதீர்கள். கூட்டம் நெரியும் ஒரு சாயங்காலம் முழுக்க உங்கள் கல்லாப் பக்கத்தில் நிறுத்திவையுங்கள். அட்வான்ஸை அப்புறம் கொடுக்கலாம்.