கசால்ஸின் ஆசிரியப் பணி

காட்டலோனிய நாட்டு வெந்திரெல் என்னும் ஊரிற் பிறந்த பாப்லோ கசால்ஸ் (1876–1973), செல்லோ என்னும் நரம்புக் கருவியை வில்லால் இசைப்பதில் ஒப்பாரில்லாதவர் எனப் போற்றப்பெற்றவர். அவர் வரலாற்றை எழுதுவோர் இளமையில் இசைஞர், இடையில் இசைக்குழுத் தலைவர், முதுமையில் ஆசிரியர் என மூன்றாகப் பகுத்துரைப்பர். இப்பகுப்புப் பொருந்தாது என்பது எம் கருத்து.

அவர் பார்சிலோனாவிற் கற்பிக்கத் தொடங்கியது 1896-இல். வயதோ இருபதை ஒட்டியது. வில்லேந்தும் கை உடலைவிட்டு அகலாதிருத்தற்பொருட்டு மாணவனின் அக்குளிற் புத்தகமொன்றை இடுக்கச் செய்வது அக்கால வழக்கம். அதனை அவர் மாணவப் பருவத்திலேயே மறுத்தார். இடக்கை விரல்களை நரம்பின்மீது இழுத்துச் செல்லாமல் அகல விரித்து ஊன்றும் முறையையும் வளர்த்தார். பின்வந்தோர் பலர்க்கும் இவையே அடிப்படையாயின.

பாக் என்னும் செருமானியப் பேரறிஞர் தனிச் செல்லோவுக்கென அமைத்த ஆறு நடனத் தொடர்களைக் கசால்ஸ் கண்டெடுத்தார் என்பர். இது மிகைக்கூற்று. அவை 1820-களிலேயே அச்சேறியவை. பார்சிலோனாக் கடையொன்றில் அவர் சிறுவயதிற் பெற்றதும் அச்சுப்படியே. எனினும், பன்னிரண்டு ஆண்டுகள் பயின்ற பின்னரே அவற்றை அவைக்குக் கொணர்ந்தார் என்பதும், பயிற்சிப் பாடமாகக் கருதப்பட்டவற்றை முழுமையான கலைப்படைப்பாக நிலைநாட்டினார் என்பதும் மறுக்கவியலாதன.

பாக்கின் கையெழுத்து மூலம் இன்று இல்லை. எஞ்சிய படிகளில் வில்லின் போக்கைக் காட்டும் குறிகள் தம்முள் மாறுபடுகின்றன. ஆகவே இசைப்போன் உரைகாரனும் ஆதல் வேண்டும். கசால்ஸின் 1936–39 இசைத்தட்டுகள் பாக்கின் காலத்து மரபுக்கு ஒவ்வாதன என்பர் பழங்கருவிகளைக் கையாளும் பிற்காலத்தார். அதில் உண்மை உண்டு. ஆயின் அவ்விசைத்தட்டை முடிந்த முடிபாகக் கொண்டு அதனை மதிப்பிடுவதே பிழையாகும்.

இதற்குத் தக்க சான்றொன்று உண்டு. பிராங்கோவின் வெற்றியால் 1939-இல் நாடு நீங்கிப் பிரான்சின் பிராதில் வாழ்ந்த அவர், போருக்குப் பின்னும் அவ்வாட்சியை வல்லரசுகள் அகற்றாமை கண்டு அவையில் இசைப்பதை நிறுத்தினார். கலைக்கு இது பேரிழப்பே. அவர் அறத்தைப் போற்றுவோர் இதனை எளிதிற் கடந்து விடுகின்றனர். ஆயினும் கற்பித்தல் நிற்கவில்லை. அந்நாளில் அவரிடம் பயின்ற அமெரிக்கர் பெர்னார்டு கிரீன்ஹவுஸ், இரண்டாம் தொடரை விரலுக்கு விரல், வில்லுக்கு வில் ஆசிரியரைப் பின்பற்றியே பயிலுமாறு பணிக்கப்பெற்றார். அது முற்றிலும் கைவந்தபின் கசால்ஸ் அத்தொடரையே வேறு விரலும் வேறு வில்லும் கொண்டு முழுவதும் மாற்றி இசைத்துக் காட்டினாராம். முதலில் பின்பற்றச் செய்ததும் பின்னர் அதனைத் தாமே உடைத்ததும் ஒரே பாடத்தின் இரு கூறுகள். தம் வில்முறையைப் பதிப்பாக அவர் வெளியிடாமைக்கும் காரணம் இதுவே எனக் கருதுகிறோம். அவ்விசைத்தட்டை அப்படியே படியெடுக்கும் மாணவர் பாடத்தின் முற்பாதியொடு நின்றவராவர்.

பார்சிலோனாத் தொழிலாளர்க்கென 1926-இல் அமைத்த இசைக்கழகமும், 1950-இற் பிராதில் தொடங்கிய பாக் விழாவும், தாய் பிறந்த போர்ட்டோ ரீக்கோவில் 1959-இல் எழுந்த இசைக்கல்லூரியும் இந்நோக்கின் விரிவே. அவர் இயற்றிய இசைப்பனுவல்கள் இத்துணை உயர்ந்தன அல்ல. அவை தனியே ஆராயற்பாலன.