பாடம் தேடிய சிறுவர்
('என் சரித்திரம்' பற்றி ஒரு கருத்து)

டாக்டர் உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' 1940-இல் 'ஆனந்த விகட'னில் தொடர்கட்டுரையாகத் தொடங்கி, 1942-இல் ஐயரவர்கள் மறைந்தபோது முற்றுப்பெறாமலே நின்றது. 1950-இல் புத்தக உருப்பெற்றது. அந்நூலைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் பிற்பகுதியையே எடுத்துக்கொள்கின்றனர். ஊர் ஊராய் ஏடு தேடி அலைந்ததும், செல்லரித்த சுவடிகளினின்று சீவக சிந்தாமணியையும் புறநானூற்றையும் மீட்டதும் அரிய கதைதான்; மறுப்பாரில்லை. ஆயினும் நூலின் பாதிக்கு மேற்பட்ட பகுதி, அவர் வேலைக்குச் செல்வதற்கு முந்திய வாழ்வைச் சொல்வது. ஆசிரியத் தொழிலில் இருப்போரும் அதனை நாடும் இளைஞரும் ஊன்றிப் படிக்கவேண்டியது அந்தப் பகுதியே என்பது என் துணிபு.

படிப்பில் ஆசையுள்ள பிள்ளை பிற்காலத்தில் நல்ல ஆசிரியனாவான் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆசை மட்டும் போதுமா? நூறு நூல் கற்றும் வகுப்பறையில் ஒரு செய்யுளைச் சுவைபடச் சொல்லத் தெரியாதவர்களை நாம் கண்டிருக்கிறோம். ஐயரின் இளமை இவ்வினாவிற்கு விடை தருகிறது.

1855-இல் பிறந்த அவருக்குத் தந்தையார் வேங்கடசுப்பையர் தந்த செல்வம் இசை. வீட்டில் புத்தகம் நிறைந்திருக்கவில்லை, பணமும் இல்லை. மகனுக்குத் தமிழ்ப் பித்து ஏறிவிட்டதைக் கண்ட தந்தை, தமிழ் சொல்லிக்கொடுப்பார் யார் உளர் என்று கேட்டுக் கேட்டுக் குடும்பத்தோடு ஊர் மாறினார். அரியிலூரில் சடகோபையங்கார், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை, கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் என ஆசிரியர் வரிசை நீள்கிறது. ஒருவரிடம் புராணம், ஒருவரிடம் நன்னூல், ரெட்டியாரிடம் யாப்பருங்கலக் காரிகை. அவரவர்க்குத் தெரிந்தது தீர்ந்ததும் அடுத்த ஊர்!

இவ்விடத்தில் நாம் சற்று நிற்கவேண்டும். இன்று படிப்பார்வம் என்றால் புத்தகமும் கையுமாகத் தனித்திருக்கும் குழந்தையையே எண்ணுகிறோம். ஐயர் காலத்துச் சிறுவனுக்கு அது இயலாது. ஏடு கிடைத்தாலும், பொருள் சொல்லும் ஒருவர் வாய்த்தாலன்றி அது திறவாத கதவு. ஆதலால் அவருடைய நூலாசை ஆளைத் தேடும் ஆசையாகவும் வளர்ந்தது. சுவையோடு சொல்பவர் யார், வெறும் சொற்பொருள் கூறி நகர்பவர் யார் என்ற தராசு, பதினைந்து வயதிற்குள் அவர் நெஞ்சில் அமைந்துவிட்டது. சடகோபையங்காரைப் பற்றி அவர் எழுதும் பக்கங்களில் ததும்பும் நன்றியைப் பாருங்கள். தமிழின் சுவையைத் தமக்குக் காட்டியவர் என்றே அவரைப் போற்றுகிறார்.

1871-இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அடைந்த பின்னரும் பசி உடனே தீரவில்லை. முதலில் பாடம் சொன்னவர் பிள்ளையவர்களல்லர். அவருடைய மாணவர் சவேரிநாத பிள்ளை. புலவரிடமே நேரில் கேட்கவேண்டும் என்று தவித்த இளைஞர் செய்த உபாயம் இந்நூலின் மிக இனிய பகுதி. பிள்ளையவர்கள் வீட்டுத் தோட்டத்தில் மரங்களை வைத்து, அவை தளிர்விட்டனவா என்று காலையில் ஆவலோடு பார்ப்பது வழக்கம். இவர் முன்னதாகவே எழுந்து சென்று, எந்த மரத்தில் புதுத் தளிர் வந்திருக்கிறதென ஆராய்ந்து வைத்துக்கொண்டு, அவர் வந்ததும் காட்டுவார். ஆசிரியர் உள்ளம் கனிந்தது; பாடமும் கிடைத்தது. ஐயர் இதனைச் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். ஆனால் ஒருவர் மனம் எதில் மகிழ்கிறது என்று கவனித்து அவ்வழியே அவரை அணுகும் ஆற்றல், பிற்காலத்தில் மாணவர் முன் நிற்பவருக்கு எத்துணைப் பெரிய முதல்!

இன்னொன்று. அவருக்குப் பாடம் சொன்னவர்களின் பட்டியலை மறுபடியும் நோக்குக. வைணவர், வேளாளர், ரெட்டியார், கிறிஸ்தவராகிய சவேரிநாதர். ஸ்மார்த்தப் பிராமணக் குடும்பத்துப் பிள்ளை இத்தனை பேர் முன்னும் கைகட்டி அமர்ந்து கேட்டார். சாதிக் கட்டு அறுந்ததென்று இதற்குப் பொருளில்லை. உணவு தனியிடத்தில்தான், மாயூரத்தில் அதற்காக அவர் பட்ட அல்லலும் நூலில் உள்ளது. அந்த ஏற்பாட்டைக் குறித்து ஐயர் ஒரு வினாவும் எழுப்பவில்லை. நூலின் குறை என்று இதனைச் சொல்லத்தான் வேண்டும். எனினும் பந்தியில் இருந்த வேலி பாடத்தில் இல்லை என்பது உண்மை.

இந்தப் பழக்கத்திற்கு வந்த சோதனை 1880-ஆம் ஆண்டு அக்டோபரில் நேர்ந்தது. அவ்வாண்டுதான் தியாகராச செட்டியாருக்குப் பின் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்திருந்தார். வயது 25. முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், என்னென்ன படித்திருக்கிறீர் என்று கேட்க, இவர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம் என அடுக்கினார். முதலியார் அவற்றைப் பெரிதாக மதிக்கவில்லை. சிந்தாமணி உண்டா, மணிமேகலை உண்டா என்றார். இவர் அவற்றைக் கண்டதுமில்லை. நூற்கணக்கைப் பெருமையாகக் கொண்டவராயின் அன்றே மனம் கசந்து வேறு பேச்சிற்குப் போயிருப்பார். ஐயரோ முதலியாரிடமிருந்தே சிந்தாமணிப் பிரதியைப் பெற்று, தாமும் கற்றுக்கொண்டே அவருக்குப் பாடம் சொல்லத் தொடங்கினார். சமணக் கருத்துகள் விளங்காதபோது கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குச் சென்று கேட்டார். கல்லூரி ஆசிரியர் மீண்டும் செங்கணத்துச் சிறுவர் ஆனார். 1887-இல் சிந்தாமணி வெளிவந்தது.

பதிப்புகளைப் புரட்டினால் அந்தச் சிறுவரை அங்கும் காணலாம். மணிமேகலைக்குப் பழைய உரை இல்லை. 1898-இல் அதனை வெளியிட்டபோது ஐயர் அரும்பத உரை எழுதியதோடு நில்லாமல், கதைச் சுருக்கமும், புத்தர் வரலாறு, பௌத்த தருமம், பௌத்த சங்கம் ஆகியவை பற்றிய எளிய உரைநடையும் சேர்த்தார். மூலத்தைப் பிழையின்றித் தருவதே பதிப்பாளன் கடமை என்று கருதுபவர் இவ்வளவு சுமையை ஏற்கமாட்டார். படிப்பவன் எந்த இடத்தில் திகைப்பான் என்று முன்கூட்டி அறிந்தவரே ஏற்பார். சொல்லித்தர ஆளின்றித் திகைத்தவர் அதனை அறிவார்.

இத்தகைய ஆசிரியர் வகுப்பில் எப்படிப் பாடம் நடத்தினார் என்று விரிவாக அறிய விரும்புவோர்க்கு இந்நூல் ஏமாற்றமே தரும். கல்லூரிக்கு வந்தபின் ஏடுகளும் அச்சகமும் முன்னே வர, மாணவர் பின்னே போய்விடுகின்றனர். 1903 முதல் 1919 வரை சென்னை மாநிலக் கல்லூரியில் பணியாற்றிய காலத்தை எட்டுமுன்பே கதையும் நின்றுவிட்டது. கி. வா. ஜகந்நாதனின் 'என் ஆசிரியப்பிரான்' அன்போடு எழுதப்பெற்ற நூல். ஆனால் அவர் ஐயரை அடைந்தது கல்லூரிப் பணி முடிந்த பிறகே. ஆகவே அந்த வகுப்பறையை ஒருவாறு ஊகித்தறிய நமக்கு எஞ்சியிருப்பவை மணிமேகலையின் அரும்பத உரையும் அடிக்குறிப்புகளுமே.