நன்னூற் பொதுப்பாயிரத்தில் அச்சம்

பவணந்தியாரின் பொதுப்பாயிரத்தைப் பாடஞ் சொல்லுவோர் பெரும்பாலும் உவமைகளை விளக்குவதோடு அமைவர். அன்னமும் ஆவும் எருமையும் வினாத்தாளில் தவறாது இடம்பெறும். ஆசிரியர் மாணாக்கர் உறவில் அச்சம் இரண்டிடங்களில், ஒன்றற்கொன்று மாறாக நிற்றலை ஆராய்ந்தார் சிலரே.

ஆசிரியராகாதார் இலக்கணத்தில் அழுக்காறு, அவா, வஞ்சம் என்பவற்றோடு அச்சமாடலும் வைக்கப்பட்டுள்ளது. கேட்போர் அஞ்சுமாறு பேசுதல் என்பது அதன் பொருள். கோலெடுக்கவும் வேண்டா, சொல்லால் அச்சுறுத்தலே ஆசிரியத் தகுதியை நீக்கிவிடும். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் விலக்குகின்றது. பழம்பெருமை பேசுதற்காக இதனைக் கூறினேன் அல்லேன். நன்னூல் வழங்கிய நாட்டிலேதான் திண்ணைப் பள்ளிகளில் கோதண்டமும் வழங்கிற்று.

இனி, மாணாக்கன் வழிபாடு கூறும் நூற்பா வேறாகப் பேசுகின்றது. தீக்காய்வான் போல அகலாமலும் அணுகாமலும் அவன் அஞ்சி ஒழுகவேண்டுமாம். இவ்வுவமை திருக்குறளில் மன்னரைச் சேர்ந்தொழுகுவார்க்குக் கூறப்பட்டது. அமைச்சன் முதிர்ந்தவன், வேந்தன் சினத்தை அளந்தறிவான், வேண்டின் விலகுவான். பள்ளிச் சிறுவனுக்கு இவற்றுள் எது இயலும்? அடுத்து நிழலுவமை வருதலின் அன்பு அச்சத்தை ஈடுசெய்யும் என்பாருளர். நிழலும் ஆசிரியன் சென்றவழியே செல்வதன்றோ!

எனினும், ஆசிரியன் உவக்குமாறு ஒழுகுக என்னும் அந்நூற்பாவே, அறத்தினின்று பிறழாத அளவில் என்று வரம்பும் இடுகின்றது. நம் பள்ளிகள் உவப்பித்தலைக் கைக்கொண்டு வரம்பைக் கைவிட்டன.

இது வெறும் உரைவேறுபாடு அன்று. எம் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பர்கூர்ப் பகுதியில், 2024 ஆகஸ்டில், தேசிய மாணவர் படையின் பெயரால் தனியார் பள்ளியொன்றில் நடந்த போலி முகாமில் மாணவியர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டனர் என்னும் வழக்கு எழுந்தது. முகாம் நடத்தினோரோடு, செய்தியறிந்தும் மறைத்தனர் என்று பள்ளித் தலைமையினரும் கைதாயினர். அறிந்தவர் அறிவித்தல் கடமை என்று 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம் கூறும். 2025 பிப்ரவரியில் அதே மாவட்டத்து அரசுப் பள்ளியொன்றின் ஆசிரியர் மூவர் மாணவி ஒருத்திக்கு இழைத்த பாலியற் கொடுமைக்காகக் கைது செய்யப்பட்டனர்.

சூளகிரிப் பக்கத்துச் சிற்றூர்களில் ஒசூர்த் தொழிற்சாலைகளுக்கு முறைவேலைக்குச் செல்லும் பெற்றோர் பலர். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் குழந்தைகளும் உளர். பகலெல்லாம் அவர்க்குக் காப்பாளர் ஆசிரியரே. அவ்வாசிரியரை நெருப்பென அஞ்சப் பழகிய குழந்தை, நெருப்புச் சுட்டதென்று யாரிடம் சென்று சொல்லும்?

ஆசிரியப் பயிற்சிக்குச் செல்லவிருக்கும் மாணவி ஒருத்தி, வழிபாட்டு நூற்பாவில் வரும் அச்சத்தை வகுப்பில் எங்ஙனம் விளக்குவது என்று அண்மையில் வினவினாள். அச்சமாடலை முதலிற் படித்துவிட்டு வருக என்றேன்.